விடையை ஒப்பிடட்டும் நம் பிள்ளைகள்!

மார்ச் மாதம். பிளஸ் டூ ரசாயனப் பரீட்சை. பகல் ஒன்றேகால் மணிக்கு மணி அடிக்கிறது. அந்த நேரத்தில் தமிழ்நாட்டின் எந்தச் சர்க்கார் பள்ளிக்கூட வாசலுக்குப் போனாலும் ஒரே காட்சியைத்தான் பார்க்கலாம். உச்சி வெயில். மரத்தடியிலும் மதில் ஓரத்திலும் பிள்ளைகள் கூட்டங் கூட்டமாக நிற்கிறார்கள். ஒவ்வொரு கையிலும் கேள்வித்தாள். “ஏழாவதுக்கு என்னடா போட்டே?” என்று ஒருவன் கேட்கிறான். “மூன்று” என்கிறான் இன்னொருவன். “இல்லவே இல்லை, பதினொன்று” என்கிறாள் ஒரு பெண். கேள்வித்தாள் கடினமாக வந்துவிட்டால் சத்தம் இரட்டிப்பாகிறது. யாராவது ஒரு பிள்ளை ஓரமாகப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறது.

இதைப் பார்க்கிற பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள்? “எழுதியாயிற்று, இனிமேல் பேசி என்ன ஆகப்போகிறது? வீட்டுக்குப் போய் அடுத்த பரீட்சைக்குப் படியுங்கள்” என்று விரட்டுகிறார்கள். நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்த அறிவுரையை நாம் ஏற்பதற்கில்லை. அந்த வாசலில் நடப்பது வீண் பேச்சல்ல. அது நம் பிள்ளைகள் தாங்களாகவே கூட்டிக்கொண்ட சபை. அதைக் கலைக்கக் கூடாது; வளர்க்க வேண்டும் என்பதே நமது கருத்து. ஏன் என்று சொல்கிறோம்.

சம்பளச் சீட்டும் கேள்வித்தாளும்

ஆலைத் தொழிலாளித் தோழர்களே! ஒப்பிட்டுப் பார்ப்பதன் பலத்தை உங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. சம்பள நாளன்று ஒவ்வொருவரும் தம் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அநியாயமாகப் பிடித்தம் போடப்பட்டவர், “நாம்தான் எங்கேயோ தப்பு செய்திருக்கிறோம் போலிருக்கிறது” என்று தம்மையே நொந்துகொண்டிருப்பார். ஆலை வாசல் டீக்கடையில் பத்துச் சீட்டுகளை விரித்து வைத்துப் பார்த்த பிறகல்லவா, பத்துப் பேருக்கும் ஒரே மாதிரி வெட்டு விழுந்திருப்பது தெரிந்தது? அதுவரை அது ஒருவனுடைய தலைவிதி. அதற்குப் பிறகு அது எல்லோருடைய கோரிக்கை. சங்கம் பிறந்தது அப்படித்தான்.

விவசாயத் தொழிலாளித் தோழர்களே! அறுவடைக் கூலியை நெல்லாக அளந்து வாங்கிய காலத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். மிராசுதார் வீட்டு மரக்கால் சின்னது என்பது எப்படித் தெரிந்தது? வாங்கிய நெல்லைக் கடைத்தெரு மரக்காலில் போட்டு மறுபடி அளந்து பார்த்ததால் தெரிந்தது. ஒப்பிடாதவனுக்கு ஏமாற்றம் தெரியாது.

பள்ளிக்கூட வாசலிலும் இதே விஷயம்தான் நடக்கிறது. ஒரு பிள்ளை கட்டாயக் கேள்வி ஒன்றை எழுத முடியாமல் விட்டுவிட்டு வெளியே வருகிறது. “எனக்கு மூளை இல்லை, ரசாயனம் நமக்கு வராது” என்று நினைத்துக்கொண்டு வருகிறது. வாசலில் விசாரித்தால் வகுப்பில் பாதிப் பேர் அதே கேள்வியை விட்டிருக்கிறார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கேட்டால் அங்கே எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். இப்போது கேள்வியே மாறிவிடுகிறது. “எனக்கு ஏன் தெரியவில்லை?” என்ற கேள்வி போய், “எங்களுக்கு அந்தப் பாடம் ஏன் நடத்தப்படவில்லை? வருஷத்தில் எத்தனை மாதம் ரசாயன ஆசிரியர் இல்லாமல் இருந்தோம்?” என்ற கேள்வி வருகிறது. முதல் கேள்வி பிள்ளையைக் குனிய வைக்கும். இரண்டாவது கேள்வி நிமிர வைக்கும்.

மூன்றா, பதினொன்றா?

ஒப்பிடுவதால் குறை தெரிவது ஒரு லாபம். பாடம் தெரிவது இன்னொரு லாபம். மரத்தடியில் “மூன்று”, “பதினொன்று” என்று சண்டை போட்டார்களே, அதையே எடுத்துக்கொள்வோம். கேள்வி இப்படி இருக்கும்: 0.001 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலின் பி.எச். மதிப்பு என்ன?

பி.எச். என்பது ஒரு கரைசல் அமிலமா, காரமா என்பதைச் சொல்லும் எண். சாதாரணமாக 0 முதல் 14 வரை கணக்கு. ஏழு என்றால் நடுநிலை, சுத்தமான தண்ணீர். ஏழுக்குக் கீழே போகப்போக அமிலம். மேலே போகப்போகக் காரம். ஆயிரத்தில் ஒரு பங்கு என்றதும் பையன் “மூன்று” என்று எழுதிவிட்டான். கணக்கு சரிதான். ஆனால் அவன் கண்டுபிடித்தது கார அயனியின் கணக்கு. அதைப் பதினாலில் இருந்து கழிக்க வேண்டும். பதினாலில் மூன்று போனால் பதினொன்று. “காரத்துக்கு எப்படிடா மூன்று வரும்? மூன்று வந்தால் அது அமிலம் ஆகிவிடாதா?” என்று அந்தப் பெண் கேட்டாள் பாருங்கள், அந்த ஒரு கேள்வியில் பாடம் முழுவதும் இருக்கிறது. அந்தப் பையன் இந்த விஷயத்தை இனி ஆயுளுக்கும் மறக்கமாட்டான். வகுப்பில் பத்துத் தடவை சொல்லியும் ஏறாதது, வாசலில் சிநேகிதியின் ஒரு கேள்வியில் ஏறிவிட்டது.

பதினொன்று என்று சொன்ன அந்தப் பெண்ணுக்கும் இதில் நஷ்டம் இல்லை. அடுத்தவனுக்குப் புரியும்படி சொல்லும்போதுதான் தனக்கே முழுசாகப் புரிகிறது. கல்வி என்ற சரக்குக்கு இந்தக் குணம் உண்டு. பங்கு போட்டால் குறையாது. முதலாளித்துவச் சந்தையின் கணக்கு இதற்குப் பொருந்தாது.

இந்த ரசாயனம் யாருடையது?

“ரசாயனமெல்லாம் பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு, நமக்கெதற்கு?” என்று பேசுகிறவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்கிறோம்: இந்த நாட்டில் ரசாயனத்தைக் கையால் தொட்டு வேலை செய்கிறவர் யார்?

தூத்துக்குடி உப்பளத்தில் கொளுத்தும் வெயிலில் உப்பை வாருகிறவர் நம் தோழர். அந்த உப்பைக் கரைத்து, கரைசலில் மின்சாரத்தைப் பாய்ச்சினால் காஸ்டிக் சோடாவும் குளோரினும் கிடைக்கின்றன. அந்தக் காஸ்டிக் சோடாதான் துணியைப் பளபளப்பாக்க ஆலைக்கு வருகிறது. நாம் மேலே சொன்ன சோடியம் ஹைட்ராக்சைடு என்பது அதே காஸ்டிக் சோடாதான். திருப்பூர்ச் சாயப் பட்டறைத் தொழிலாளிக்கு அது கையில் பட்டால் எப்படி அரிக்கும் என்று நன்றாகத் தெரியும். சோடா உப்புப் போட்டால்தான் சாயம் பருத்தியில் பிடிக்கும், கடைசியில் லேசான அமிலம் விட்டு அலச வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. ஏன் என்பது மட்டும் அவருக்குச் சொல்லப்படவில்லை. அந்த ‘ஏன்’தான் அவருடைய மகள் படிக்கிற புத்தகத்தில் இருக்கிறது.

வயலுக்கு வாருங்கள். அம்மோனியம் சல்பேட் உரத்தைச் சுண்ணாம்போடு கலக்கக் கூடாது என்று விவசாயத் தொழிலாளிக்குத் தெரியும். கலந்தால் மூக்கைத் துளைக்கும் நெடி கிளம்பும். அந்த நெடி என்ன? காரம் பட்டதும் அம்மோனியா வாயுவாகப் பறந்து போகிறது. பயிருக்குப் போக வேண்டிய நைட்ரஜன் காற்றோடு போகிறது. யூரியா மூட்டையின்மேல் 46 சதவிகிதம் நைட்ரஜன் என்று அச்சடித்திருக்கிறதே, அதன் பொருளும் இந்தப் பாடத்தில்தான் இருக்கிறது. பூச்சி மருந்து அடிக்கப் போய் மயங்கி விழுந்த தோழர்கள் எத்தனை பேர்! எந்த மருந்து நரம்பைத் தாக்கும், எது தோல் வழியாக உள்ளே போகும் என்று தெரிந்த ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் ஓர் உயிர் தப்பும்.

தொடுவது நாம், அறிவது அவர்கள் என்ற பிரிவினைதான் வர்க்க சமுதாயத்தின் ஏற்பாடு. 1953 இல் ராஜாஜி மந்திரிசபை கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. ‘குலக்கல்வி’ என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள்; எதிர்த்து நின்றார்கள். 1954 இல் அது கைவிடப்பட்டது. அன்று வென்றதனால்தான் இன்று நம் வீட்டுப் பெண் பி.எச். கணக்குப் போட்டுத் தகராறு செய்கிறாள். அந்தத் தகராறு நமக்கு லேசில் கிடைத்ததல்ல.

கொல்லன் மகன் கற்ற கதை

பிளஸ் டூ வேதியியல் புத்தகத்தில் மின்வேதியியல் என்று ஒரு பாடம். அதில் பாரடே விதிகள் என்று இரண்டு விதிகள். யார் இந்த பாரடே?

மைக்கேல் பாரடே இங்கிலாந்தில் 1791 இல் பிறந்தவர். தகப்பனார் கொல்லுப் பட்டறைத் தொழிலாளி. பிள்ளையை 1805 இல் லண்டனில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் ஏழு வருஷத்துக்கு வேலை பழக விட்டார்கள். பைண்டுக்கு வந்த புத்தகங்களை அவர் படித்தார். அப்படிப் படித்தவற்றில் ஒன்று ஜேன் மார்செட் என்ற பெண்மணி 1806 இல் வெளியிட்ட ரசாயனப் புத்தகம். அது ஓர் ஆசிரியையும் இரண்டு மாணவிகளும் கேள்வி கேட்டுப் பதில் சொல்லி விவாதிக்கிற உரையாடலாக எழுதப்பட்டது. 1810 இல் லண்டனில் ஒரு வீட்டில் மாலை நேரத்தில் நடந்த விஞ்ஞானச் சொற்பொழிவுகளுக்கு அவர் போனார். ஒரு சொற்பொழிவுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். அந்த ஷில்லிங்கைக் கொடுத்தவர் அவருடைய அண்ணன், அவரும் கொல்லர்தான். அங்கே கூடிய வாலிபர்கள் குறிப்பெழுதி, பேசி, விவாதித்துக் கற்றார்கள். அந்தப் பழக்கத்தில்தான் 1812 இல் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் குறிப்பெடுத்து, தாமே பைண்டு செய்து அவருக்கு அனுப்பினார் பாரடே. 1813 இல் டேவியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. 1833-34 இல் மின்பகுப்பு விதிகளைத் தந்தார்.

கல்லூரி வாசலை மிதிக்காத ஒரு தொழிலாளியின் விதியைத்தான் நம் பிள்ளைகள் ஐந்து மார்க்குக்கு எழுதுகிறார்கள். அவர் தனியாக மூலையில் உட்கார்ந்து கற்கவில்லை. சக வாலிபர்களோடு பேசிக் கற்றார். கொல்லுப் பட்டறையில் வேலை செய்த அண்ணன் தம்பிக்கு ஷில்லிங் கொடுத்தார். இந்த இரண்டையும் நாம் கவனிக்க வேண்டும்.

மார்க்கை ஒப்பிடுவது வேறு

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். “நீங்கள் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பரீட்சை வாசலில் பேசிப் பேசியே என் பிள்ளை பயந்துபோய்விட்டது. அடுத்த பரீட்சையும் கெட்டது” என்று சொல்லும் தாய்மார்கள் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. வாசலில் இரண்டு விதமான பேச்சு நடக்கிறது. “நீ எப்படிப் போட்டாய், ஏன் அப்படி?” என்பது ஒன்று. “எனக்கு அறுபத்தெட்டு நிச்சயம், உனக்கு எவ்வளவு வரும்?” என்பது இன்னொன்று. முதலாவது விடையை ஒப்பிடுவது. இரண்டாவது மார்க்கை ஒப்பிடுவது; அதாவது பிள்ளையைப் பிள்ளையோடு மோதவிடுவது. ஆலையில் ஒரு தொழிலாளியின் உற்பத்திக் கணக்கைக் காட்டி இன்னொரு தொழிலாளியை விரட்டுகிற மேஸ்திரியின் வேலை அது. அதை நம் பிள்ளைகள் தலையில் ஏற்றியவர்கள் அவர்கள் அல்ல. ரேங்க் விளம்பரத்தைச் சுவரெங்கும் ஒட்டுகிற கல்வி வியாபாரிகள் ஏற்றினார்கள்.

போட்டியின் உச்சம் நீட். 2025 இல் அந்தத் தேர்வில் 180 நிமிஷத்தில் 180 கேள்வி. அதில் ரசாயனம் 45. சரியான விடைக்கு நாலு மார்க். தவறான விடைக்கு ஒரு மார்க் பிடித்தம். பணம் கட்டி வருஷக்கணக்கில் பயிற்சி எடுத்தவனும், பயிற்சியே இல்லாதவனும் ஒரே கோட்டில் ஓட வேண்டும். இதற்குச் சமத்துவம் என்று பெயர்! அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா, மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். 2017 இல் பிளஸ் டூ பரீட்சையில் 1200 க்கு 1176 வாங்கினார். ரசாயனத்தில் 200 க்கு 199. நீட்டில் 720 க்கு 86. மருத்துவப் படிப்பு மறுக்கப்பட்டது. 2017 செப்டம்பர் 1 அன்று அவரை நாம் இழந்தோம். 199 மார்க் வாங்கியவருக்கு ரசாயனம் தெரியாது என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் உண்டு? தமிழ்நாடு சட்டமன்றம் 2021 செப்டம்பரிலும், மறுபடி 2022 பிப்ரவரியிலும் விலக்கு மசோதா நிறைவேற்றியது. அதற்கு ஒப்புதல் மறுக்கப்பட்டுவிட்டதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். 2020 இல் வந்த 7.5 சதவிகித உள்ஒதுக்கீடு சர்க்கார் பள்ளிப் பிள்ளைகள் சிலருக்கு வழி திறந்திருக்கிறது. அது போராடிப் பெற்ற பலன். ஆனால் அடைத்த கதவு அடைத்தபடியேதான் இருக்கிறது.

ஒரு பிள்ளையின் உயிரை அளக்கிற தராசு எந்தக் கேள்வித்தாளும் அல்ல. இதை ஒவ்வொரு வீட்டிலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு

கேள்வித்தாள் கடினம் என்று பிள்ளை அழுதுகொண்டு வந்தால், திட்டுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் பாருங்கள். ரசாயனத்துக்கு மொத்தம் 100 மார்க். எழுத்துப் பரீட்சைக்கு 70. செய்முறைக்கு 20, அக மதிப்பீட்டுக்கு 10. தேற வேண்டிய மார்க் 35. அதற்குள் எழுத்துப் பரீட்சையில் குறைந்தது 15 வாங்க வேண்டும். எழுத்தில் ஒரு மார்க் கேள்வியே 15 இருக்கிறது. இரண்டு மார்க், மூன்று மார்க் பகுதிகளில் ஒன்பது கேள்வி கொடுத்து ஆறு எழுதச் சொல்கிறார்கள். அதில் ஒன்று கட்டாயம். ஐந்து மார்க் கேள்வி ஐந்து. ஒவ்வொன்றுக்கும் மாற்றுக் கேள்வி உண்டு. கட்டாயக் கேள்வி இரண்டும் தவறினால் போவது ஐந்து மார்க். உலகம் போய்விடவில்லை.

தேறாமலே போனாலும் அந்த வருஷத்திலேயே துணைத் தேர்வு உண்டு. ஒரு பாடத்தில் தவறிய பெண்ணைப் படிப்பை நிறுத்தி ஆலைக்கு அனுப்பிவிடலாம் என்று தரகன் வந்து நிற்பான், முன்பணம் காட்டுவான். ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் பெண் பிள்ளைகளை நூற்பாலை விடுதிகளில் மூன்று வருஷம் அடைத்து வேலை வாங்கிய கொடுமையை நாம் மறக்கவில்லை. ஒரு ரசாயனப் பரீட்சை அவனுக்கு ஆள் பிடிக்கும் கருவியாக ஆகக் கூடாது. பிள்ளை சாப்பிடாமல், பேசாமல் ஒதுங்கினால் தனியே விடாதீர்கள், கூடவே இருங்கள். 104 என்ற சர்க்கார் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

நாம் கேட்பதும், நாம் செய்வதும்

சர்க்காரிடம் நாம் கேட்பது நான்கு. ஒன்று: ரசாயன ஆசிரியர் இடம் காலியாகக் கிடக்கும் பள்ளிக்கூடங்களில் வருஷ ஆரம்பத்திலேயே நிரந்தர ஆசிரியரை நியமிக்க வேண்டும். மார்ச்சில் கேள்வி கேட்கிற சர்க்கார், ஜூனில் ஆசிரியரைத் தர வேண்டும். இரண்டு: ஆய்வுக்கூடம் பூட்டிய அறையாக இருக்கக் கூடாது. பியூரெட்டைக் கையால் பிடிக்காத பிள்ளை தரம்பார்த்தலை மனப்பாடம் செய்து எழுதுவது கல்வியாகாது. மூன்று: கேள்வி தவறாக இருந்தாலோ, புத்தகத்துக்கு அப்பாற்பட்டிருந்தாலோ, முயற்சி செய்த எல்லோருக்கும் மார்க் தர வேண்டும், அதை உடனே பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். நான்கு: திருத்திய விடைத்தாளின் நகலை ஒவ்வொரு பிள்ளைக்கும் கட்டணமில்லாமல் தர வேண்டும். தன் விடைத்தாளைப் பார்ப்பது மாணவரின் உரிமை என்று சுப்ரீம் கோர்ட் 2011 ஆகஸ்ட் 9 அன்று, தகவல் உரிமைச் சட்டத்தின்படி, தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உரிமை என்றால் கூலிக்காரன் பிள்ளைக்கும் எட்ட வேண்டும். பணம் கட்டியவனுக்கு மட்டும் என்றால் அது உரிமையல்ல, வியாபாரம்.

கேட்பதோடு நம் வேலை முடியவில்லை. சங்க அலுவலகம் மாலையில் பூட்டிக் கிடக்கிறதா? பரீட்சை மாதங்களில் அதைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுவோம். விளக்கு, விசிறி, ஒரு கரும்பலகை, குடிக்கத் தண்ணீர், இவை போதும். வாசலில் வெயிலில் நடக்கும் சபை அங்கே நிழலில் நடக்கட்டும். கல்லூரியில் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளை ஒருவர் வாரம் இரண்டு மாலை வந்து உட்காரட்டும். சாயப் பட்டறைத் தோழர் ஒருநாள் வந்து காரமும் அமிலமும் தம் கையில் எப்படி வேலை செய்கின்றன என்று சொல்லட்டும். பிள்ளைகள் அதன் ‘ஏன்’ என்ன என்று அவருக்குச் சொல்லட்டும். இரண்டு தரப்பும் கற்கும். எந்தப் பள்ளியில் எந்தப் பாடம் நடத்தப்படவில்லை என்ற பட்டியல் அங்கேயே தயாராகிவிடும். அதை எடுத்துக்கொண்டு பெற்றோர் தலைமை ஆசிரியரைப் பார்க்கட்டும். அவரால் முடியாவிட்டால் கல்வி அதிகாரியைப் பார்க்கட்டும். ஒற்றை ஆளாக அல்ல, கூட்டமாக.

தோழர்களே! எழுதப் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்த தலைமுறையின் பேரப் பிள்ளைகள் இன்று அயனிச் சமநிலையைப் பற்றி விவாதிக்கிறார்கள். அந்த விவாதத்தை அடக்குவது நம் வேலையல்ல. தாம் அறிந்ததை ஒளிக்காமல் சொல்லவும், அறியாததை வெட்கப்படாமல் கேட்கவும் இந்த வயதில் பழகிய பிள்ளை, நாளைக்கு ஆலைக்குப் போனாலும், ஆய்வுக்கூடத்துக்குப் போனாலும் தனியாளாக நிற்காது. ஒவ்வொரு சங்கமும், ஒவ்வொரு கிளையும் அடுத்த பரீட்சைக் காலத்துக்கு முன்பே இந்தப் படிப்பகங்களைத் தொடங்க வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.